கல் காய்த்த அரலியா

இன்று காலை எண்ணிப் பார்த்தேன். எங்கள் வீட்டு முற்றத்து அரலியா மரத்தில் ஐம்பத்திரண்டு நுனிகள் இருக்கின்றன. அவற்றில் பத்தொன்பதில் பூ. மீதியில் சில அடுத்த மாதம் பூக்கும், சில இந்த வருடம் பூக்காது. எது பூக்கும், எது பூக்காது என்று பார்த்தே சொல்லிவிடுவேன். மாத்தளைக்கு வடக்கே அலுவிகாரையில் பெரிய வீதியோரம் இருக்கும் வீடு என்பதால் தம்புள்ளைக்குப் போகிற பஸ்களில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த மரத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். தரையிலிருந்து எழும்பி, தெற்கே சாய்ந்து, முழங்கை மடித்த மாதிரி மேலே போய், மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிற மரம் அது. அதைச் சுற்றி வேறு எதுவும் இல்லை. வெறும் தரை, கொஞ்சம் புல்.

இந்த மரம் என்னோடு இருப்பது நான் எதிர்பார்த்த காரியம் அல்ல. இதற்காக நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் முக்கியமானவர் இதை ஒரு நாள் இடுப்பளவுக்கு மட்டமாக வெட்டித் தள்ளியவர். அதனால்தான் எழுதுகிறேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. மாத்தளைக்குக் கிழக்கே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தேன். குவாட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் நல்ல அகலமான முற்றம். ஆனால் எதுவும் எங்களுடையது இல்லை. வேலை முடிகிற நாளில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சுவரில் அடித்த ஆணிகூடத் தோட்டத்துக்குச் சொந்தம். இந்த எண்ணம் எனக்கு எப்போதும் உறுத்திக்கொண்டே இருக்கும். மற்ற உத்தியோகத்தர்கள் நிம்மதியாக இருந்தார்கள். நான் மட்டும் புதுச் சட்டை வாங்கினாலும் இது எப்போது கிழியும் என்று யோசிக்கிற ஆள்.

அந்த முற்றத்தில் அப்போது இருபத்திமூன்று வகைச் செடி இருந்தது. குரோட்டன், டேலியா, பிஸ்கட் தகரங்களில் அந்தூரியம், என் மனைவியின் மிளகாய், கத்தரி, போஞ்சிப் பந்தல். காலடி வைக்க இடம் இல்லை. ஒரு நாள் கையெழுத்து வாங்குவதற்காகப் பெரிய தொரையின் பங்களாவுக்குப் போனேன். தொரை குளித்துக்கொண்டிருந்தார். விறாந்தையில் நிற்கச் சொன்னார்கள். முன்னால் புல்வெளி. அதன் நடுவில் ஒரே ஒரு மரம். இலை உதிர்ந்த காலம். சாம்பல் நிறத்தில் கொப்புகள் நெளிந்து, வளைந்து, ஒன்றையொன்று தாண்டிப் போயின. அதுவரை நான் அந்த மரத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஈழத்தலரிதான். சிங்களவர்கள் அரலிய என்பார்கள், பன்சலை என்கிற அவர்களுடைய புத்த கோயில்களில் நிற்கும். ஆனால் சுற்றி எதுவும் இல்லாமல் அது மட்டும் நின்றபோதுதான் அது மரமாகத் தெரிந்தது. வளைவுகளை எண்ண ஆரம்பித்தேன். பதினேழு வரை வந்தபோது தொரை வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"நடுவுல ஒரு மரம் வைக்கப் போறேன். சுத்தி ஒன்னும் இருக்கக்கூடாது."

"ஒன்னும்னா?"

"ஒன்னும்தான்."

"நல்ல மண்ண சும்மா போட்டு வச்சிட்டு மிளகாய்க்குக் கடைக்கு ஓடுறதா? யாராவது கேட்டா சிரிப்பாங்க."

"தொரை பங்களாவுல அப்படித்தான் இருக்கு."

"தொரைக்கு மிளகாய் வேணாம். உங்களுக்கு ரசத்துல ஒன்னு கொறஞ்சாலே மூஞ்சி கோணிப் போகுது."

அரலியா என்று தெரிந்ததும் அவளுக்கு இன்னும் பிடிக்கவில்லை. பால் வடிகிற மரம் வீட்டு முன்னால் ஆகாது என்றாள். தொரையிடம் கொப்புக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. தோட்டத்துக்கு மாதம் இரண்டு தடவை லொறியில் அரிசியும் கருவாடும் கொண்டுவருகிற மாத்தளை முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம். அவரிடம் கேட்டேன். அவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.

"கிளாக்கரய்யா, அது எங்கட மையவாடீல நிக்கிற மரம். கபுரடீல வெக்கிறது. ஊட்டுல யாரும் வெக்கிறல்ல."

"எனக்கு ஊட்டுலதான் வேணும் நானா."

"அம்மா ஏசுவாங்க."

"ஏசிட்டாங்க."

அடுத்த தடவை வரும்போது பள்ளிவாசலில் கேட்டு, மையவாடி என்கிற அவர்களுடைய இடுகாட்டு மரத்தில் காற்றுக்கு ஒடிந்த கொப்பிலிருந்து இரண்டு துண்டு கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் ஒரு முழம் இருக்கும். முதல் துண்டை அன்றைக்கே நட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அழுகிப்போயிற்று. இரண்டாவது துண்டு மேசைக்குக் கீழே மறந்து கிடந்தது. வெட்டு வாய் காய்ந்து கறுத்திருந்தது. அதை மணலிலும் உடைந்த செங்கல்லிலும் வைத்து, இந்தத் தடவை தண்ணீர் ஊற்றாமல் விட்டேன். அது பிடித்தது. அரலியாவுக்கு அதிகக் கவனிப்பு கெடுதல். எனக்கோ கவனிக்காமல் இருக்கத் தெரியாது. அந்த மரம் வளர்ந்த காலம் முழுவதும் எங்கள் இருவருக்கும் இதுதான் தகராறு.

அது ஒரு நேர்க்குச்சியாக மேலே போயிற்று. மூன்றாம் வருடம் நுனியில் பூத்தது. பூ முடிந்த இடத்தில் மூன்றாகப் பிரிந்தது. பிறகு கவனித்தேன். பூத்த நுனிதான் பிரிகிறது, பூக்காத நுனி அப்படியே நீளுகிறது. பூக்கப் பூக்கக் கொப்பு பெருகுகிறது. எண்ணுகிற ஆளுக்கு இதைவிட நல்ல மரம் கிடைக்காது. மூன்று, பிறகு எட்டு, பிறகு பதினேழு என்று நான் வீட்டிலும் ஆபீசிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

ஆனால் வளைவு வரவில்லை. எல்லாக் கொப்பும் குத்துவிளக்கு மாதிரி ஒழுங்காக மேலே போயின. தொரை பங்களா மரம் கிழமானது, காற்றும் வயதும் அதை முறுக்கியிருந்தன. எனக்கு அவ்வளவு காலம் இல்லை. அதனால் இளங்கொப்புகளில் தும்புக்கயிறு கட்டிக் கல்லைத் தொங்கவிட்டேன். கொப்பு கொஞ்சம் சாயும். சாய்ந்த பிறகு நுனி வெளிச்சத்தைத் தேடி மேலே திரும்பும். அப்போது கல்லை வேறு இடத்துக்கு மாற்றுவேன். கயிறு பட்டையை அறுக்காமல் அடியில் சாக்குத் துண்டு வைப்பேன். அதிகம் இழுத்தால் ஒடிந்துவிடும், பால் கொட்டும். அதனால் சின்னக் கல்லில் ஆரம்பித்து மெல்ல மெல்லப் பெரிதாக்குவேன். ஒரு காலத்தில் பதினான்கு கற்கள் தொங்கின.

மலைக்குப் போகிற பெண்கள் கொழுந்துக் கூடையோடு வேலியோரம் நின்று பார்ப்பார்கள்.

"அடியே, கிளாக்கரய்யா வீட்டு மரம் கல்லு காய்ச்சிருக்கு."

"பழுத்தா நமக்கும் குடுப்பாருடி. பல்லுதான் வேணும்."

உள்ளேயிருந்து என் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். "மரத்தத் தூக்குல போட்டிருக்காரு. அடுத்தது என்னத்தான் போடுவாரு" என்பாள். மரத்தைச் சுற்றி விட்ட வெறும் தரையை அவள் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. மிளகாய்ச் செடிகள் வருடத்துக்கு வருடம் ஒரு வரிசை முன்னேறி வந்தன. நான் அடிக்கோலால் அளந்து காட்டுவேன். "அதுங்களா நடந்து வந்திருக்கும்" என்பாள்.

பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மரம் நான் நினைத்த மாதிரி ஆயிற்று. தெற்குப் பக்கத்துக் கொப்பு இரண்டு முறை முறுக்கி, கடைசியில் ஒரு முழு வளையம் போட்டு நின்றது. அந்த ஒரு கொப்பில் மட்டும் பதினொரு நுனி. மொத்தம் முப்பத்தெட்டு. இலை உதிர்ந்த மாதங்களில் மாலை வெயில் விழும்போது அதன் நிழல் குவாட்டர்ஸ் சுவரில் ஏறும். அப்போது என் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து அரிசி புடைப்பாள். பார்க்காத மாதிரிப் பார்ப்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் எனக்கு ஓய்வு பெறுகிற வயது வந்தது.

போக இடம் இருந்தது. அலுவிகாரையில் மனைவிக்கு அவளுடைய தாய் வழியில் வந்த ஒரு சின்ன வீடு. இரண்டு மகள்களும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். எங்கள் இருவருக்கும் அது போதும். கட்டில், அலுமாரி, தையல் மெஷின் எல்லாம் வரும். மரம் வராது. இதை நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாழ்க்கையில் நான் செய்தது என்று காட்ட வேறு எதுவும் இல்லை. ஆபீசில் செய்தது எல்லாம் தோட்டத்துக்குச் செய்தது. இந்த மரம் மட்டும்தான் யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது. அதுவும் தோட்டத்து மண்ணில் நிற்கிறது.

ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போகலாம் என்று யாரும் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் ஒரு முழத் துண்டுதான் பிடிக்கும், பெரிய கொப்பு அழுகிவிடும் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். ஒரு முழத் துண்டு என்றால் மறுபடியும் நேர்க்குச்சி. மறுபடியும் கயிறு, கல், பன்னிரண்டு வருடம். எனக்கு அவ்வளவு இருக்குமா? அதுவும் போகட்டும், எந்தக் கொப்பில் வெட்டுவது? ஒன்றை எடுத்தால் அந்தப் பக்கம் மொட்டையாகிவிடும். நான்கு கொப்புகளில் அடையாளத்துக்கு நூல் கட்டினேன். பிறகு அவிழ்த்தேன். வேறு மூன்றில் கட்டினேன்.

"பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்க" என்றாள் மனைவி. "ஒன்னையாவது முடிவு பண்ணுங்க. இல்லாட்டி வெறுங்கையோடதான் போகணும்."

"வெட்டினா அழகு போயிடும்."

"நாம போன பொறவு அழகு யாருக்கு?"

ஆனாலும் வெட்டவில்லை.

வேலை முடிய ஒரு மாதம் கூட இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அலுவிகாரைக்குப் போனோம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பார்க்க வேண்டியிருந்தது. மாலை பஸ்ஸில் திரும்பி வந்து, தோட்டத்துப் பாதையில் ஏறி, குவாட்டர்ஸ் வளைவில் திரும்பியபோது முற்றம் வெளிச்சமாக இருந்தது. ஏன் இவ்வளவு வெளிச்சம் என்று முதலில் விளங்கவில்லை.

கவ்வாத்துக் கங்காணி வேலியோரம் நின்றார். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற ஆட்களுக்கு அவர்தான் தலைவர். பின்னால் அவருடைய ஆட்கள், கையில் கவ்வாத்துக் கத்திகளோடு. எல்லார் முகத்திலும் சிரிப்பு.

"வாங்கய்யா, வாங்கம்மா. சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க. எப்படியிருக்கு?"

புல் செதுக்கப்பட்டிருந்தது. வேலி புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. படிக்கல்லுக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். நடுவில் என் மரம் இடுப்பளவில் நின்றது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மேசைப் பலகை மாதிரி ஒரே மட்டம். வெட்டு வாய்களிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆறு பேரு காலையில இருந்து நின்னோம்யா. நீங்க போறப்போ தொரை குவாட்டர்ஸ சுத்திப் பாக்க வருவாருன்னு சொன்னாங்க. கொறை சொல்லிடக் கூடாதுல்ல. அதான் மரத்தயும் கவ்வாத்து பண்ணிட்டோம்."

நான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன். அவர் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

"எத்தன வருசமா கோணலும் மாணலுமா கெடந்துச்சு. ஒரு தடவகூட யாரும் கத்தி வைக்கல. போறப்ப வாறப்ப எல்லாம் எங்களுக்கே பாவமா இருக்கும். கிளாக்கரய்யாவுக்குச் செய்ய ஆளில்லயான்னு வெளியாளுக கேக்க மாட்டாங்களா? இப்ப பாருங்க, நூலு புடிச்ச மாதிரி இருக்கு."

தேயிலை மலையில் வேலை செய்யாதவர்களுக்கு இது விளங்காது. அங்கே வெட்டாமல் விட்ட செடி கைவிட்ட செடி. உயர்ந்து முறுக்கி வளர்ந்த தேயிலையைக் கண்டால் அந்த மலைக்குக் கங்காணி இல்லை, தொரை இல்லை, கேட்பாரில்லை என்று அர்த்தம். மட்டமாக வெட்டி விடுவதுதான் மரியாதை. தாங்கள் பிறந்ததிலிருந்து செய்துவந்த மரியாதையைத்தான் அவர்கள் என் மரத்துக்குச் செய்திருந்தார்கள்.

நான் எண்ணினேன். வேறு என்ன செய்வது? வெட்டு வாய் ஏழு.

"கல்லெல்லாம் எங்க?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியாது.

"பத்திரமா இருக்குய்யா." படிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். கயிறுகள் சுருட்டி மேலே. கல் பதினான்கும் இருந்தன.

"பேரு போடவா?" என்றேன். ஞாயிறு வேலைக்குச் சம்பளப் பேர் போடுவதைச் சொன்னேன்.

கங்காணிக்கு முகம் வாடிப்போயிற்று. "பேருக்கா வந்தோம்? இது எங்க ஆசைக்குய்யா. முப்பது வருசமா எங்களுக்குப் பேரு போட்டீங்க. ஒரு நாளு நாங்க சும்மா செய்யக் கூடாதா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனாள். ஆறு கோப்பைதான் நல்ல கோப்பை இருந்தது. எனக்குத் தகரக் குவளையில் தந்தாள். நான் அவர்களோடு உட்கார்ந்து குடித்தேன். மரம் வெட்டிய இடத்தில் உட்கார்ந்திருந்ததால் என் மேல்சட்டையில் பால் ஒட்டிக்கொண்டது. அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.

போகும்போது ஒருவன் சொன்னான்: "அம்மா, மிலாற குசினிக்குப் பின்னால அடுக்கியிருக்கோம். காஞ்சா எரிக்கலாம்."

மிலாறு என்பது கவ்வாத்தில் விழுகிற தேயிலைக் குச்சிகள். தோட்டத்தில் அடுப்பெரிப்பது அதில்தான். அந்த ஏழு கொப்புகளையும் மிலாறு மாதிரியே கூரைத் தாழ்வாரத்தின் கீழே ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. முற்றத்துப் பக்கமும் பார்க்காமல் பின்வாசலால் ஆபீசுக்குப் போய் வந்தேன். அந்த நாட்களில் மனைவி சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம்.

"எனக்கென்னமோ வீட்டுக்கு மொட்டையடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். பன்னிரண்டு வருடமாக அந்த மரத்தை ஏசியவள்.

சாமான்கள் கட்டத் தொடங்கிய வாரத்தில் ஒரு காலை அவள் குசினிக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. வெறகு தீந்துபோச்சின்னு இத எடுக்க வந்தேன். பாருங்க இத."

நான் போகவில்லை. "எரிச்சிடு" என்றேன்.

"எரிக்கிறதா? கண்ணத் தொறந்து பாருங்கன்னா."

போய்ப் பார்த்தேன். வெட்டு வாய்கள் ஏழும் காய்ந்து, கறுத்து, மூடியிருந்தன. மேசைக்குக் கீழே மறந்து கிடந்த அந்த இரண்டாவது துண்டு எப்படிக் காய்ந்திருந்ததோ அப்படியே. நுனிகளில் பச்சையாக, கிளி மூக்கு மாதிரி, துளிர். பெரிய கொப்பில், அந்த வளையம் போட்ட தெற்குக் கொப்பில், பதினொரு நுனியில் ஒன்பதில் துளிர் இருந்தது. ஒன்றில் மொட்டு.

"மண்ணுமில்ல, தண்ணியுமில்ல. சும்மா கெடந்து துளிர்க்குது" என்றாள். "நீங்க தண்ணி ஊத்தாம விட்டதாலதான்."

"பெரிய கொப்பு பிடிக்காது" என்றேன்.

"யார் சொன்னா?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் அப்படி வைத்திருந்தேன்.

"பிடிக்காட்டி அப்ப எரிச்சுக்கலாம். இப்ப இதையே கொண்டு போவோம். குச்சியா கொண்டுபோய் நீங்க மறுபடியும் கல்லு கட்டுறதப் பாக்க எனக்குப் பொறுமை இல்ல."

பெரிய கொப்பை அலுவிகாரைக்கு என்று வைத்துக்கொண்டோம். அது என்னைவிட உயரம். மற்ற ஆறையும் பங்கிட்டேன். ஒன்று தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு. ஒன்று பள்ளிக்கூட முற்றத்துக்கு. மூன்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு முன்னால் நடுவதற்கு. கடைசி ஒன்றை நானாவிடம் கொடுத்து, வந்த இடத்துக்கே கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் எனக்குப் பிரியாவிடை நடந்தது. மாலை போட்டார்கள், தொரை இரண்டு வார்த்தை பேசினார். அடுத்து என் முறை வந்தது. கவ்வாத்துக் கங்காணிக்கு என் கழுத்து மாலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. கூட்டத்துக்கும் விளங்கவில்லை. பலமாகக் கை தட்டினார்கள்.

நானாவின் லொறியில் அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் அந்தக் கொப்பை நிமிர்த்திக் கட்டினோம். வழி நெடுக ஒவ்வொரு திருப்பத்திலும் அது ஒடிந்துவிடும் என்று நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"தலைய உள்ளுக்கு எடுங்கொ கிளாக்கரய்யா" என்றார் நானா. "மையவாடீல ஈந்து சின்னக் குச்சியாப் போனது, இப்ப மாப்புள ஊர்வலமா வருது. அது நல்லா வரும். நீங்கதான் விழுந்திருவீங்க போல."

அலுவிகாரையில் குழியில் மணலும் உடைந்த ஓடும் போட்டு, அதை நட்டு, மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்தோம். அடுத்து வந்த வாரங்கள் எனக்கு மோசமான வாரங்கள். வந்த துளிர் வாடிற்று. மொட்டு உதிர்ந்தது. தினமும் தொட்டுப் பார்ப்பேன், தோல் சுருங்கியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பேன். மனைவி வாளியை ஒளித்து வைத்துவிட்டாள். "தண்ணி ஊத்தினா வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்றாள். மழை பெய்தபோது குடையைக் கொண்டுபோய் அதற்குப் பிடித்தேன். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். "ரொம்ப நாளாவே" என்று இவளும் சிங்களத்தில் பதில் சொன்னாள்.

பிறகு ஒரு நாள் முட்டுக் கம்பை அசைத்தபோது மரம் அதோடு சேர்ந்து அசையவில்லை. வேர் விட்டிருந்தது. முறுக்கும் வளையமும் ஒரு விரல்கூடக் குறையாமல் அப்படியே நின்றது. நான் வெட்ட முடிவு செய்திருந்தால், மனம் வராமல் ஒரு முழக் குச்சியைத்தான் வெட்டியிருப்பேன். இந்தக் கொப்பை வெட்ட என் கை எழும்பியிருக்காது. கேட்காமல் வந்து வெட்டியதால்தான் எனக்கு இது கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த முற்றத்தில் மனைவி மிளகாய் வைத்தது வீட்டுக்குப் பின்னால். மரத்தைச் சுற்றி ஒன்றும் வைக்கவில்லை. நான் சொல்லவில்லை. அவளே அடிக்கடி புல்லில் விழும் குப்பையைப் பொறுக்குவாள். பூவைப் பக்கத்து வீட்டு அம்மா பன்சலைக்கு எடுப்பார். இவள் பிள்ளையார் படத்துக்கு எடுப்பாள். தாழ்ந்த நுனிகள் ஏழில் நான்கு அவருக்கு, மூன்று இவளுக்கு என்று நான்தான் பிரித்து வைத்தேன். இரண்டு பேரும் அதை மதிப்பதில்லை.

பழைய தோட்டத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். குவாட்டர்ஸில் வேறு கிளாக்கர். இடுப்பளவு மரத்தின் ஏழு வாயிலும் தலைக்கு மூன்றாக இருபத்தொரு கொப்பு வந்து, குடை விரித்த மாதிரி தட்டையாகப் பூத்திருந்தது. அது வேறு மாதிரி அழகு. லயத்து ஆட்கள் அதைக் கவ்வாத்து மரம் என்கிறார்கள்.

கங்காணி மாத்தளைத் தேர்த்திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவார். மரத்தைச் சுற்றி வந்து தலையை ஆட்டுவார்.

"என்னய்யா இது, மறுபடியும் கோணலாப் போகுது. கொஞ்சம் மட்டம் பண்ணி விடவா?"

"கத்தி கொண்டு வந்தீங்களா?"

"இல்ல."

"அப்ப உள்ள வாங்க."

இதுதான் எங்கள் வழக்கமான பேச்சு. போன வருடம் திருவிழா இல்லாத ஒரு நாளில் வந்தார். அவருடைய மனைவியும் மகனும் கூட வந்தார்கள். இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்புகிறவர்கள் பட்டியலில் அவர்களுக்குப் பேர் வந்துவிட்டது என்றார். திருச்சிப் பக்கம் ஏதோ ஊர். அவருடைய அப்பா பிறந்த ஊராம். அவர் பார்த்ததில்லை. பெட்டி கட்டியாயிற்று, கட்ட அதிகம் இல்லை என்றார். லயத்து முன்னால் என் கொப்பிலிருந்து வந்த மரம் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அதைச் சொல்லிவிட்டு எங்கள் மரத்தைப் பார்த்தார்.

"அதுல ஒரு துண்டு எடுக்கலாம்னு போனேன்யா. ஆனா எத வெட்டுறதுன்னு தெரியல. நம்ம கையில வச்சது. மனசு வரல." அவரே சிரித்துக்கொண்டார். "ஆயுசுக்கும் வெட்டுனவன் நான். இதுக்கு வரல பாருங்க."

நான் எழுந்து உள்ளே போய் எங்கள் வீட்டுக் கத்தியை எடுத்து வந்தேன். மேற்குப் பக்கத்தில், மூன்று நுனியோடு, நன்றாக முறுக்கிய ஒரு கொப்பு இருந்தது. அதற்கு நான் எதுவும் கட்டவில்லை. தானாக முறுக்கியது. இந்த மரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

"இதை வெட்டுங்க."

"அய்யா, இது நல்ல கொப்புய்யா."

"அதான் சொல்றேன். வெட்டுங்க."

ஒரே வெட்டு. சுத்தமாக விழுந்தது. பால் சொட்டி முடிந்ததும் என் மனைவி அதைப் பழைய சேலைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். காய விடுங்கள், மண்ணில் மணல் கலந்து வையுங்கள், தண்ணீர் அதிகம் ஊற்றாதீர்கள் என்று நான் சொன்னேன். வாசல் படலைக்குப் போனதும் மறுபடியும் சொன்னேன். வீதியில் பஸ் ஏறும்போதும் தண்ணீரைப் பற்றித்தான் கத்தினேன்.

"வெளங்குதுய்யா, வெளங்குது" என்று ஜன்னலால் கையை ஆட்டினார்.

அங்கே அது பிடித்ததா என்று எனக்குத் தெரியாது. மழை குறைந்த ஊர் என்று கேள்வி. அரலியாவுக்கு அது நல்லது. இங்கே அவர் வெட்டிய வாயில் மூன்று கொப்பு வந்திருக்கிறது. காலையில் சொன்ன ஐம்பத்திரண்டில் அவையும் அடக்கம்.